காலி வகுப்பறையில் ஒரு வாத்தியார்

வகுப்புக்கு ஒரு மாணவன்கூட வராத ஒரு கணக்கு வாத்தியாரைப் பத்தித்தான் இப்போ படிக்கப் போறீங்க.

1594-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துப் பள்ளியில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். வயசு 22. கிட்டத்தட்ட நம்ம வயசுதான். முதல் வருஷம் அவர் வகுப்பில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் பசங்க இருந்தாங்க. இரண்டாவது வருஷம் யாருமே இல்லை. 75 சதவீத அட்டெண்டன்ஸ் விதி அந்த ஊரில் இல்லை போல. பள்ளி நிர்வாகம் நல்ல மனசுக்காரர்கள். கணிதம் எல்லாருக்கும் ஏறாதுன்னு அவர் மேல் பழி போடாமல், சும்மா உட்கார வைக்கவும் முடியாமல், லத்தீன் கவிதையும் பேச்சுக்கலையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

அவர் பெயர் யோஹானஸ் கெப்ளர். ஆமாம், பிளஸ் ஒன் பிசிக்ஸில் ஈர்ப்பியல் பாடத்தில் மூணு விதியோட வருவாரே, அதே கெப்ளர். நாம எல்லாரும் அந்த மூணு விதியையும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்தாச்சு. அந்த மூணுக்காக ஒரு மனுஷன் என்னென்ன பாடுபட்டார்னு மட்டும் யாரும் நமக்குச் சொல்லலை.

1571 டிசம்பர் 27, ஜெர்மனியின் தென்மேற்கில் வைல் டெர் ஸ்டாட் என்ற சின்ன ஊர். குறைமாசத்தில் பிறந்த குழந்தை. அப்பா கூலிப்படை வீரர். அடிக்கடி போருக்குப் போவார், ஒரு நாள் போனவர் திரும்பவே இல்லை. அம்மா கத்தரீனா ஒரு சத்திரக்காரரின் மகள், மூலிகை வைத்தியம் தெரிந்தவர். இந்த வைத்தியம் பின்னால் பெரிய வினையாக வரப்போகிறது, ஞாபகம் வச்சுக்கோங்க. சின்ன வயசிலேயே பெரியம்மை வந்து பையனின் பார்வை கெட்டுப்போனது. வானத்தைப் படித்து உலகப் புகழ் பெற்ற ஆளுக்கு நட்சத்திரங்கள் சரியாகத் தெரியாது என்பது கொஞ்சம் கொடுமையான விஷயம்தான்.

1577-ல் ஐரோப்பா முழுக்கத் தெரிந்த ஒரு பெரிய வால்நட்சத்திரம் வந்தது. ஐந்து வயசுப் பையனை அம்மா ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அதே வால்நட்சத்திரத்தை டென்மார்க்கில் டைகோ பிராஹே என்ற பணக்காரர் தன் கருவிகளை வைத்து அளந்துகொண்டிருந்தார். இவங்க ரெண்டு பேரும் சந்திக்க இன்னும் 22 வருஷத்துக்கு மேல் இருக்கு.

ஏழைப் பசங்களுக்கான உதவித்தொகையில் டியூபிங்கன் பல்கலைக்கழகம் வரை வந்தார் கெப்ளர். ஆசை பாதிரியார் ஆக வேண்டும் என்பது. அங்கே மேஸ்ட்லின் என்ற பேராசிரியர். பாடத்திட்டப்படி பூமியைச் சுற்றித்தான் எல்லாம் சுத்துதுன்னு எல்லாருக்கும் நடத்துவார். ஆர்வமான சில பேருக்கு மட்டும், சூரியன்தான் நடுவில் இருக்கு, பூமியும் ஒரு கிரகம்தான் என்ற கோப்பர்நிக்கஸின் கணக்கைச் சொல்லிக் கொடுப்பார். சிலபஸைத் தாண்டி ஒரு வாத்தியார் சொன்ன விஷயம்தான் கெப்ளரைப் பிடித்துக்கொண்டது. பாதிரியார் படிப்பு முடியும் முன்னாடியே, கிராட்ஸில் கணக்கு வாத்தியார் இடம் காலியா இருக்கு, நீ போன்னு அனுப்பிவிட்டார்கள். மனசில்லாமல்தான் போனார்.

அவர் ஏன் மோசமான வாத்தியார்? பேசிக்கொண்டே இருக்கும்போது புதுசா ஒண்ணு தோணும், அதன் பின்னால் போய்விடுவார், அங்கிருந்து இன்னொண்ணு. கேட்கிறவனுக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஆனால் அந்த வகுப்பறையில்தான் அது நடந்தது.

1595 ஜூலை 19. வியாழனும் சனியும் வானத்தில் ஒண்ணு சேரும் இடங்களைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தார். இது சுமார் 20 வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும். 2020 டிசம்பரில் மொட்டை மாடியில் நின்னு பார்த்தீங்களே, அதேதான். ஒவ்வொரு முறையும் சேரும் இடம் ராசிச் சக்கரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நகரும். அந்தப் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் வட்டத்துக்குள் முக்கோணங்களா வரும். அந்த முக்கோணங்களின் நடுவில் தானாகவே ஒரு சின்ன வட்டம் உருவாகும். பெரிய வட்டத்துக்கும் சின்ன வட்டத்துக்கும் உள்ள விகிதம், சனியின் பாதைக்கும் வியாழனின் பாதைக்கும் உள்ள விகிதத்தைப் போலவே அவருக்குத் தெரிந்தது.

அன்னைக்கு அந்தப் பலகை முன்னாடி அவர் கேட்ட கேள்வியை நாம ஸ்கூலில் ஒரு தடவைகூட கேட்டதில்லை. கிரகங்கள் ஏன் இந்தத் தூரங்களில் இருக்கு? வேற தூரத்தில் ஏன் இல்லை? அப்போது தெரிந்த கிரகங்கள் ஆறு. ஏன் ஆறு, ஏன் ஏழு இல்லை?

அவர் கண்டுபிடித்த பதில் ரொம்ப அழகு. கனசதுரம், நான்முகி மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவான ஒழுங்குத் திண்மங்கள் மொத்தமே ஐந்துதான் உண்டு. ஆறு கிரகங்களுக்கு நடுவே ஐந்து இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு திண்மத்தைப் பொருத்தினால் தூரங்கள் ஏறக்குறைய சரியா வந்தது. 1596-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார். அதோடு விடலை. இந்த வடிவத்தில் வெள்ளியில் ஒரு மதுக்கோப்பை செய்து, ஒவ்வொரு கிரகத்தின் குழாயிலிருந்தும் ஒரு வகை பானம் வரும்படி வைக்கலாம்னு தன் நாட்டுப் பிரபுவிடம் புராஜெக்ட் போட்டார். காகிதத்தில் மாடல் வரைக்கும் வந்து நின்றுபோனது. ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்கிற எல்லாருக்கும் இந்த வலி தெரியும்.

பதில் முழுக்கத் தப்பு. 1781-ல் யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டதும் ஆறு என்ற எண்ணிக்கையே செத்துப்போச்சு. ஆனால் அதே புத்தகத்தில் இன்னொரு கேள்வியும் இருந்தது. சூரியனிலிருந்து தள்ளிப் போகப் போக கிரகங்கள் ஏன் மெதுவாக நகர்கின்றன? அப்படின்னா அவற்றை ஓட்டும் ஏதோ ஒண்ணு சூரியனிடமிருந்துதான் வரணும். அதுவரை வானியல் என்றால் கிரகம் எங்கே இருக்கும்னு கணக்குப் போடுவது மட்டும்தான். எது அதை நகர்த்துது என்பது வானியல்காரர்களின் வேலையே இல்லை. இந்த வாத்தியார் அதையும் சேர்த்துக் கேட்டார். என்னைப் பொறுத்தவரை ஈர்ப்பு விசையின் கதை ஆப்பிள் மரத்தடியில் ஆரம்பிக்கலை, இங்கேதான் ஆரம்பிக்குது.

1598-ல் கிராட்ஸை ஆண்ட கத்தோலிக்க இளவரசர் புராட்டஸ்டன்ட் ஆசிரியர்கள் எல்லாரையும் ஊரை விட்டு விரட்டினார். கெப்ளருக்கு மட்டும் சலுகை கிடைத்தது, அதுவும் 1600 வரைதான். மதம் மாற மறுத்ததால் வேலை போய், ஊரும் போய், மனைவி பிள்ளையோடு பிராக் நகரத்துக்கு வந்தார். அங்கேதான் டைகோ பிராஹே இருந்தார்.

டைகோ வேற ரகம். இளமையில் வாள் சண்டையில் மூக்கின் ஒரு பகுதியை இழந்து, உலோக மூக்கு ஒட்டிக்கொண்டவர். டெலஸ்கோப் இல்லாத காலத்தில், வெறும் கண்ணையும் பிரம்மாண்டமான அளவுக் கருவிகளையும் வைத்து, இருபது வருஷத்துக்கு மேல் வானத்தை அளந்து எழுதி வைத்திருந்தார். அவரிடம் டேட்டா இருந்தது, இவரிடம் கணிதம் இருந்தது. ஆனால் டைகோ டேட்டாவை ஒரேயடியாகத் தர மாட்டார், சாப்பாட்டு மேஜையில் கொஞ்சம் கொஞ்சமா கசிய விடுவார். ரெண்டு பேருக்கும் சண்டைதான். 1601 அக்டோபரில் டைகோ இறந்துபோக, பேரரசர் ரூடால்ஃபின் அரசவைக் கணிதராக கெப்ளர் அந்த இடத்துக்கு வந்தார். பதவி பெரிசு. சம்பளம் பேப்பரில் மட்டும்.

கெப்ளருக்குக் கொடுக்கப்பட்ட வேலை செவ்வாய். எட்டு நாளில் முடிச்சுடுவேன்னு பந்தயம் கட்டினார். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது.

முதலில் வட்டப் பாதைதான்னு வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். கால்குலேட்டர் கிடையாது, லாகரிதம் அட்டவணைகூட அப்போது வரலை. எழுபது தடவை திரும்பத் திரும்பப் போட்டபின் டைகோவின் அளவுகளோடு 2 ஆர்க் மினிட்டுக்குள் பொருந்தியது. வேற யாராயிருந்தாலும் ரெக்கார்ட் நோட்டை மூடியிருப்பாங்க. அவர் இன்னும் ரெண்டு அளவுகளை எடுத்துச் சரிபார்த்தார். 8 ஆர்க் மினிட் உதைத்தது.

8 ஆர்க் மினிட்னா எவ்வளவு? முழு நிலாவின் அகலம் சுமார் 30 ஆர்க் மினிட். அதில் கால்வாசிதான். பழைய வானியல்காரர்களின் அளவுகளில் அந்த அளவு பிழை சாதாரணம். ஆனால் டைகோவின் கருவி அவ்வளவு தப்பு பண்ணாது என்று கெப்ளருக்குத் தெரியும். லேபில் ரீடிங் வரலைன்னா நாம என்ன செய்வோம்னு உங்களுக்கே தெரியும், விடையிலிருந்து பின்னாடி போய் ரீடிங்கைத் தயார் பண்ணுவோம். இவர் வருஷக்கணக்கில் போட்ட கணக்கைத் தூக்கிப் போட்டார். கூடவே ரெண்டாயிரம் வருஷமா எல்லாரும் நம்பிய வட்டத்தையும் தூக்கிப் போட்டார்.

அடுத்து முட்டை வடிவத்தை முயன்றார். கடைசியில் 1605-ல் நீள்வட்டம். சூரியன் அதன் நடுவில் இல்லை, ஒரு குவியத்தில் இருக்கு. இது முதல் விதி. கிரகத்தையும் சூரியனையும் இணைக்கும் கோடு சம நேரத்தில் சம பரப்பைக் கடக்கும், அதாவது சூரியனுக்குப் பக்கத்தில் வேகம், தூரத்தில் நிதானம். இது ரெண்டாவது விதி. ரெண்டாவதைத்தான் முதலில் கண்டுபிடித்தார் என்பது கூடுதல் தகவல். ரெண்டும் 1609-ல் அச்சில் வந்தன.

இங்கே ஒண்ணு சொல்லியே ஆகணும். நம்ம புத்தகங்களில் கிரகப் பாதையை நல்லா நசுங்கின முட்டை மாதிரி வரைஞ்சிருப்பாங்க. அதைப் பார்க்கிற பசங்க, பூமி சூரியன் பக்கத்தில் வரும்போது கோடைக்காலம், தள்ளிப் போகும்போது குளிர்காலம்னு முடிவு பண்ணிடுவாங்க. உண்மையில் பூமி சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது ஜனவரி மாசம். சரி, செவ்வாய்க்கே வருவோம். அதன் பாதையை நீள அச்சு 10 சென்டிமீட்டர் வரும்படி பேப்பரில் வரைந்தால், குறுக்கு அச்சு 9.96 சென்டிமீட்டர் வரும். வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை! பென்சில் முனையின் தடிமன் அது. அதை வட்டம் இல்லைன்னு கண்டுபிடிக்கத்தான் அந்த மனுஷன் ஐந்து வருஷம் உட்கார்ந்தார். சூரியனின் இடம் மட்டும் மையத்திலிருந்து கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும், அது கண்ணுக்கே தெரியும். தம்பி தங்கச்சி யாராவது எட்டாவது ஒன்பதாவது படிச்சா, ரெண்டு குண்டூசி, ஒரு நூல், ஒரு பென்சில் கொடுத்து இதை வரையச் சொல்லுங்க. குண்டூசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் குத்தினால் எப்படி வட்டம் மாதிரியே வருதுன்னு அவங்களே பார்த்துக்குவாங்க.

அதே 1609 புத்தகத்தின் முன்னுரையில்தான், பாடப்புத்தகங்கள் கண்டுக்காத ஒரு பகுதி இருக்கு. பூமிதான் பிரபஞ்சத்தின் மையம், கனமான பொருள் மையத்தை நோக்கி விழும் என்பது பழைய விளக்கம். கோப்பர்நிக்கஸ் பூமியை மையத்திலிருந்து எடுத்துவிட்டார். அப்புறம் கல் ஏன் பூமியில் வந்து விழணும்? கெப்ளர் சொன்ன பதில், ஈர்ப்பு என்பது ஒரே வகைப் பொருட்கள் ஒன்றையொன்று இழுப்பது. கல்லைப் பூமி இழுக்குது, பூமியைக் கல்லும் இழுக்குது. வேறு எதுவும் பக்கத்தில் இல்லாமல் வெட்டவெளியில் ரெண்டு கல்லை வைத்தால், அவை நகர்ந்து வந்து நடுவில் ஓரிடத்தில் சேரும், கனமானது கொஞ்சமாகவும் லேசானது அதிகமாகவும் நகரும். பூமியையும் நிலாவையும் அவற்றின் பாதையில் நிறுத்தி வைக்கும் எதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகும்னும் கணக்குப் போட்டார். ரெண்டும் ஒரே அடர்த்தின்னு எடுத்துக்கொண்டால், இடையிலான தூரத்தில் 54-ல் ஒரு பங்கு பூமி நகரும், மீதி முழுக்க நிலா வரும். கடலில் அலை ஏறி இறங்குவது நிலா தண்ணீரை இழுப்பதால்தான் என்றும் எழுதினார். கலிலியோ அதை நம்பவில்லை. 1632-ல்கூட, கெப்ளர் மாதிரி ஆள் இப்படியா நினைப்பார்னு ஆச்சரியப்பட்டு எழுதினார். இந்த விஷயத்தில் தப்பு கலிலியோவுடையது.

இவ்வளவு பக்கத்தில் வந்தவர் ஏன் நியூட்டனாகவில்லை? போன வருஷம் என்எஸ்எஸ் சார்பா ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சூரியக் குடும்பம் எடுக்கப் போனோம். சூரியன் இழுக்குதுன்னா கிரகம் ஏன் அண்ணா அதுக்குள்ள போய் விழல? அப்படின்னு ஒரு பொண்ணு கேட்டா. கெப்ளர் மாட்டிக்கொண்ட இடம் இதேதான். தள்ளுவதை நிறுத்தினால் பொருள் நின்றுவிடும்னு அவர் நினைத்தார், மாட்டு வண்டி மாதிரி. அதனால் கிரகத்தைப் பின்னாலிருந்து தள்ள ஒரு விசை வேணும், சூரியன் சுழலும்போது காந்தம் மாதிரி ஏதோ ஒண்ணு கிரகங்களைச் சுற்றித் தள்ளுதுன்னு முடிவு செய்தார். பூமியில் கல் விழுவதையும், சூரியனைச் செவ்வாய் சுற்றுவதையும் அவர் ஒரே விஷயமாகப் பார்க்கவே இல்லை.

ஓடுகிற பொருளை யாரும் தொடாவிட்டால் அது நேர்க்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற ஒரு விஷயம்தான் குறைந்தது. அது கையில் கிடைத்த பிறகு, விழுவதும் சுற்றுவதும் ஒண்ணாகிவிடுது. நிலா ஒரு நொடியில் சுமார் 1 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுது. அதே நொடியில் பூமியை நோக்கி வெறும் 1.4 மில்லிமீட்டர் விழுது. பக்கவாட்டு ஓட்டம் இருப்பதால் எவ்வளவு விழுந்தாலும் தரை வர மாட்டேங்குது. அந்தப் பொண்ணுக்கு ஒரு கல்லைக் கயிற்றில் கட்டிச் சுத்திக் காட்டினோம். பிடிச்சுக்கிட்டா, ஆனா கயிறு எங்கே அண்ணான்னு அடுத்த கேள்வி வந்தது. நியாயமான கேள்வி. நியூட்டனையே பாடாய்ப் படுத்தின கேள்வி அது.

1611 கெப்ளருக்குக் கறுப்பு வருஷம். ஆறு வயசு மகன் பெரியம்மையில் போனான், மனைவி பார்பரா காய்ச்சலில் போனார், பேரரசர் அதிகாரத்தை இழந்தார். அடுத்த வருஷம் லின்ஸ் நகரத்துக்குப் போய் மறுபடியும் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. 1613-ல் சூசன்னாவை மறுமணம் செய்தார். கல்யாணத்துக்கு வாங்கின ஒயின் பீப்பாயின் கொள்ளளவைக் கடைக்காரர் ஒரு குச்சியை விட்டு அளந்தது பிடிக்காமல், வளைந்த பாத்திரங்களின் கனஅளவு பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நம்ம இன்டக்ரல் கால்குலஸுக்கு அது ஒரு தாத்தா.

1615-ல் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அம்மா கத்தரீனா சூனியக்காரி என்று பக்கத்து வீட்டுப் பெண் புகார். கொடுத்த பானத்தால் நோய் வந்ததாம். அந்தக் காலத்து ஜெர்மனியில் இந்தக் குற்றச்சாட்டுக்கு முடிவு பெரும்பாலும் நெருப்புதான். 1620 ஆகஸ்டில், எழுபது தாண்டிய அந்தப் பாட்டியைக் கைது செய்து சங்கிலியால் கட்டிப் போட்டார்கள். அரசவைக் கணிதர் தன் வேலையை விட்டுவிட்டு, ஊர் வந்து, ஒரு வருஷத்துக்கு மேல் வழக்கு நடத்தினார். சாட்சிகள் சொன்ன ஒவ்வொரு நோய்க்கும் இயற்கையான காரணம் காட்டி, முரண்பாடுகளைப் பிரித்துப் பிரித்து எழுதினார். செவ்வாய்க்குச் செய்த அதே வேலைதான். கடைசியாகச் சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டினார்கள். கிழவி அசையவில்லை. 14 மாசச் சிறைக்குப் பின் 1621 அக்டோபரில் விடுதலை. ஆறு மாசத்தில் இறந்துபோனார்.

இந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான் மூன்றாம் விதி. 1618 பிப்ரவரியில் இன்னொரு மகளும் இறந்தாள். மார்ச் மாசம் ஒரு யோசனை வந்து, கணக்குப் பிழையால் அதைத் தள்ளிவிட்டு, மே 15-ல் திரும்பப் போட்டபோது பொருந்தியது. பூமியை அளவாக வைத்துக்கோங்க, தூரம் 1, காலம் 1 வருஷம். வியாழனின் தூரம் 5.2, சுற்ற ஆகும் காலம் 11.86 வருஷம். 5.2-ஐ மூணு தடவை பெருக்குங்க, 140.6. 11.86-ஐ ரெண்டு தடவை பெருக்குங்க, 140.7. சனிக்கும் இப்படியே வரும், போனை எடுத்துப் போட்டுப் பாருங்க. ஏன் இந்தத் தூரம், ஏன் இந்த வேகம்னு காலி வகுப்பறையில் ஆரம்பித்த கேள்விக்கு 23 வருஷம் கழிச்சுப் பாதி பதில் கிடைத்தது. மீதிப் பாதியை, அதாவது தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் விசையை, 1687-ல் நியூட்டன் புத்தகமாக்கினார்.

வகுப்பு எடுக்கத் தெரியாத இந்த வாத்தியார் 1618 முதல் 1621 வரை பகுதி பகுதியாக ஒரு பாடப்புத்தகம் எழுதினார். முழுக்கக் கேள்வி பதில். மாணவன் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி, அதுக்கு விடை, அந்த விடையிலிருந்து அடுத்த கேள்வி. பூமியின் உருண்டை வடிவத்தில் தொடங்கி, தன் விதிகளை எல்லாக் கிரகங்களுக்கும் வியாழனின் நிலாக்களுக்கும் விரித்துச் சொன்னார். முதல் பகுதி வந்த கையோடு 1619-ல் ரோம் அதைத் தடை செய்தது. இருந்தாலும் ஐரோப்பாவின் அடுத்த தலைமுறை வானியல் கற்றது அந்தப் புத்தகத்தில்தான்.

1627-ல் டைகோவின் அளவுகளையும் தன் விதிகளையும் சேர்த்துக் கிரக அட்டவணைகளை வெளியிட்டார். அதை வைத்து, 1631 நவம்பர் 7-ல் புதன் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போகும்னு முன்கூட்டியே அறிவித்தார். தன் கணக்கு கொஞ்சம் பிசகலாம், அதனால் ஒரு நாள் முன்னாலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள், ஒரு நாள் பின்னாலும் பாருங்கள் என்ற யோசனையும் சேர்த்து.

அதைப் பார்க்க அவர் இல்லை. அரசு பாக்கி வைத்த சம்பளம் கிட்டத்தட்ட 12,000 கில்டர். அதைக் கேட்டு வாங்க 1630 குளிரில் குதிரையேறி ரேகன்ஸ்பர்க் நகரத்துக்குப் போனவர், காய்ச்சலில் விழுந்து நவம்பர் 15-ல் இறந்தார். வயசு 58. முப்பதாண்டுப் போரில் அந்தக் கல்லறைத் தோட்டமே அழிந்துவிட்டதால், அவரைப் புதைத்த இடம் இன்னைக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் பாரிஸில் கசெண்டி என்பவர் ஓர் அறையை இருட்டாக்கி, டெலஸ்கோப் வழியே சூரியனின் பிம்பத்தை ஒரு தாளில் விழ வைத்துக் காத்திருந்தார். முதல் ரெண்டு நாளும் மேகம், மழை. நவம்பர் 7 காலையில் மேகம் விலகியதும் தாளில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. ரொம்பச் சின்னதா இருந்ததால் சூரியப் புள்ளின்னுதான் முதலில் நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அளந்தார். அது நகர்ந்திருந்தது.